யாரும் வாசிக்காத மெட்டு

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி வயலின்களோடு தொடங்குகிறது. நம் சுரக் கணக்கில் சொன்னால் ப, ம, க, ரி, ச என்று மெல்ல இறங்கும் சோகமான மெட்டு. ஒருமுறை கேட்டாலே வாயில் வந்துவிடும். ஆனால் மேடையில் இருக்கும் ஒருவர்கூட அந்த மெட்டை வாசிப்பதில்லை.

இசைக்குறிப்பைப் பார்த்தால்தான் இது தெரியும். ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் இரண்டு அணி: முதல் வயலின்கள், இரண்டாம் வயலின்கள். ‘ப’ ஓர் அணிக்கு, ‘ம’ மற்ற அணிக்கு, ‘க’ மறுபடி பழைய அணிக்கு என்று சாய்கோவ்ஸ்கி சுரங்களைப் பங்கு பிரித்திருக்கிறார். மெட்டின் சுரம் தன்னிடம் இல்லாத நேரத்தில் அந்த அணி அடியில் ஒலிக்கும் துணைக்குரலின் சுரத்தை வாசிக்கும். ஆக, இரண்டு அணிக்கும் கிடைப்பது மேலும் கீழுமாகத் தாவும் சுரங்கள்தான்.

அப்புறம் மெட்டு எங்கிருந்து வருகிறது? நம் மூளையிலிருந்து.

ஒலி வரும் திசையை மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டுக் கணிக்கிறது. இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதை எட்ட அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவுக்குத்தான் பிந்தும். அந்த நூலிழை வித்தியாசமே மூளைக்குப் போதும். ஆனால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி இந்தக் கணக்கைக் குழப்பிவிடும். சுருதி, அதாவது சுரம் எவ்வளவு மேலே அல்லது கீழே ஒலிக்கிறது என்பது, அப்படியில்லை, எதிரொலித்தாலும் அது மாறாது. சுருதியில் நெருங்கி அடுத்தடுத்து வரும் சுரங்கள் ஒரே இடத்தில் பிறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் திசை ஒன்று சொல்லி, சுருதி வேறொன்று சொன்னால், இதுபோன்ற இடங்களில் மூளை சுருதியின் பக்கம் சாய்கிறது.

உளவியலாளர் டயானா டாய்ச் 1975-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஏறும் வரிசையையும் இறங்கும் வரிசையையும் ஒரே சமயத்தில் ஒலிக்கவிட்டு, சுரங்களை இரு காதுகளுக்கும் மாற்றி மாற்றி ஹெட்ஃபோனில் அனுப்பினார். ஒவ்வொரு காதிலும் விழுந்தவை தாவும் சுரங்கள். பெரும்பாலோர் கேட்டதோ, மேல்சுரங்கள் ஒரு காதிலும் கீழ்சுரங்கள் மறுகாதிலுமாகப் போகும் இரண்டு சீரான மெட்டுகள். எந்தச் சுரம் எந்தக் காதில் விழுந்தது என்பதையே மூளை மாற்றிவிட்டது! சாய்கோவ்ஸ்கி இதே உத்தியோடு தன் சிம்பொனியை பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றியதோ அதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1893-ல்.

அக்காலத்தில் இரண்டு வயலின் அணிகளும் பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநரின் இருபுறமும் எதிரெதிரே உட்காரும். இன்று பல ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டும் இடப்பக்கமே இருப்பதால், அந்தப் பதிவுகளில் இந்தப் பங்கீடு காதில் படுவதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து வாசித்த ஸ்டீரியோ பதிவு வேண்டும். லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் நடத்துநர் மிராவின்ஸ்கி 1960-ல் வியன்னாவில் பதிவு செய்தது இதற்குச் சரியானது.

முதலில் இரு காதிலும் கேளுங்கள். பிறகு ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக் கேளுங்கள். மைக்குகள் எதிர்ப்பக்க ஒலியையும் கொஞ்சம் வாங்கியிருக்கும் என்பதால் அணிகள் முழுக்கப் பிரியாது. ஆனாலும் வழவழவென்று இறங்கிய மெட்டு கோணுவதும், ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் மங்குவதும் தெரியும்.

இன்னொரு சோதனையை சாய்கோவ்ஸ்கியே வைத்திருக்கிறார். பகுதியின் பாதி தாண்டி அதே மெட்டு திரும்பும்போது, அதை முதல் வயலின்களிடமே முழுசாகக் கொடுத்துவிடுகிறார். இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டால், பின்னதில் மெட்டு ஒரே மூச்சில் வருகிறது. முன்னதில் ஒவ்வொரு சுரமும் விம்மலோடு புதிதாக எழுகிறது. எனக்கு அந்த முன்னதுதான் உயிர்.