டர்ட் பைக் பழகப் போகிறவர்களுக்கு ஓர் எலும்பு மருத்துவரின் குறிப்பு

"வண்டி கிட்டத்தட்ட நின்னுடுச்சு டாக்டர், அப்பதான் விழுந்தேன்." மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுகிற டர்ட் பைக்கைப் பழக ஆரம்பித்து எலும்பு உடைந்து வருகிறவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். மேட்டிலிருந்து பறந்து விழுந்தவர்களைவிட, மணலில் முன்சக்கரம் புதைந்து நடக்கிற வேகத்தில் சாய்ந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சாயும்போது உடம்பு தானாக இரண்டு காரியம் செய்யும்: காலை ஊன்றும், கையை நீட்டும். தார்ச்சாலையில் ஓட்டியவருக்கு கால் ஊன்றுவது ஊறிப்போன பழக்கம். கரடுமுரடான மண்ணில் பாதம் எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கும், சுமார் 100 கிலோ வண்டி முன்னே போகும். நடுவில் இருக்கும் முழங்கால் திருகிக்கொள்ளும். வளைவில் தேர்ந்தவர்கள் கால் நீட்டுகிறார்களே என்று கேட்கலாம். அது முன்சக்கரத்தை நோக்கி, விரல் மேலே பார்க்க நீட்டுவது. பாரம் தாங்க ஊன்றுவது அல்ல. முதல் சில வாரம் இரண்டு காலும் பாதம் வைக்கிற கம்பியான ஃபுட்பெக்கிலேயே இருக்கட்டும்.

கை விஷயம் இன்னும் ஏமாற்றும். ஓர் இளைஞர் உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வீக்கமும் அவ்வளவாக இல்லை. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி தெரியும். அதில் அழுத்தியதும் துள்ளிவிட்டார். அங்கே இருப்பது ஸ்கேஃபாய்டு என்ற முந்திரி அளவு எலும்பு. அதன் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். ரத்தம் அதற்கு விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருவதால், கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் பிறகு அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன்.

விழுவதற்குப் பாதிக் காரணம் களைப்பு. புதியவர்கள் ஹேண்டில்பாரை உயிரே அதில் இருப்பதுபோல் பிடிப்பார்கள். முன்கைத் தசை ரத்தம் ஏறிப் புடைத்துக் கல்லாகிவிடும். பிரேக் லீவரை விரல் இழுக்காது. ஆர்ம் பம்ப் என்பார்கள். பெக்கில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, வண்டியை முழங்காலால் கவ்வுங்கள். கை தளர்வாக இருக்கட்டும். கிளட்ச் மேல் எப்போதும் ஒரு விரல் வேண்டும். வண்டி திடீரென்று முன்னே பாய்ந்தால் உடம்பு பின்னால் போகும், கை ஆக்சிலரேட்டரை இன்னும் திருகும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது கிளட்ச்தான். முன்கை இறுகினால் இறங்கிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று கிளம்பியவர்கள் எத்தனையோ பேர் என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்.

தனியாகப் போகாதீர்கள். கூட வந்தவர் விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால், அவர் மூச்சு சீராக இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தூக்கியும் உட்கார வைக்காதீர்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

சரி, அந்த இளைஞருக்கு வருவோம். இரண்டாவது எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது. 8 வாரத்துக்கும் மேல் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று செல்போனில் ஒரு படம் காட்டினார். 250 சிசி டூ ஸ்ட்ரோக், புதிதாக வாங்கப் போகிறாராம். திருகினால் ஒரு கட்டத்தில் மொத்த பலமும் ஒரேயடியாக வந்து இறங்கும் ரகம். சாதுவான 125 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு வருடம் ஓட்டுங்கள் என்றேன். முகம் வாடியது. "பூட்ஸ் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டேன். முழங்கால் வரை வரும், முன்னங்காலில் கெட்டித் தகடு வைத்த பூட்ஸ். போட்டால் மரக்காலில் நடப்பதுபோல் இருக்கும், கியர் இருப்பதே காலுக்குத் தெரியாது; அதனால் முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக வேண்டும்.

"அது அடுத்த மாசம் டாக்டர்" என்றார். கீழே பார்த்தேன். காலில் கேன்வாஸ் ஷூ.