காத்திருப்பு 10 நிமிடம்தானா? 36 பேர் சொல்லாத பதில்

மருத்துவமனைகளின் தரப் பிரிவுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச். தரும் அங்கீகாரத்துக்காக அளந்து காட்ட வேண்டியவற்றில் புறநோயாளிகளின் காத்திருப்பு நேரமும் உண்டு. அதனால் இது பற்றிய அறிக்கைகள் அடிக்கடி என்னிடம் வரும். அப்படி வந்த ஒன்றின் கடைசி வரி: "மருந்தகத்தில் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் என்பது புள்ளியியல்படி நிரூபணமானது."

அதே மருந்தகத்தின் கவுன்டருக்கு எதிரே ஒரு பாட்டி டோக்கனை மடித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரை தம்பி. அது கைக்கு வந்தாத்தான் சாப்பிட முடியும்" என்றார். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

அறிக்கையில் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை. எண்களைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். 36 பேரை அளந்திருக்கிறார்கள். சராசரி 11.5 நிமிடம், திட்ட விலக்கம் (ஒவ்வொருவரின் நேரமும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்பது) 6 நிமிடம். 36-இன் வர்க்கமூலம் 6. ஆகவே திட்டப்பிழை, அதாவது இந்தச் சராசரியே எவ்வளவு முன்னே பின்னே போகக்கூடும் என்ற அளவு, 6-ஐ 6-ஆல் வகுத்து 1 நிமிடம். 10-க்கும் 11.5-க்கும் உள்ள இடைவெளி 1.5. அதைத் திட்டப்பிழையால் வகுத்தால் டி மதிப்பு 1.5. "சராசரி 10-ஐத் தாண்டுகிறதா?" என்று ஒருபக்கமாகக் கேட்கும் சோதனையில், 5 சதவீத மட்டத்துக்கு (தாண்டாததைத் தாண்டியதாகச் சொல்லிவிடும் ஆபத்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாமலிருக்க) அட்டவணை கேட்பது ஏறத்தாழ 1.69. 1.5 அதை எட்டவில்லை. இன்மைக் கருதுகோளை, அதாவது 'சராசரி 10 நிமிடம்தான்' என்ற தொடக்க அனுமானத்தை, மறுக்க முடியவில்லை.

சோதனை சொன்னது அவ்வளவுதான். "மறுக்க முடியவில்லை" என்பதை "நிரூபணமானது" என்று மாற்றி எழுதியதில்தான் தவறு. நீதிமன்றத்தில் ஒருவரைச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தால், அவர் குற்றமே செய்யவில்லை என்று சாட்சி கிடைத்ததாக ஆகாது. போதிய சாட்சி வரவில்லை, அவ்வளவே. இங்கே சாட்சி சொன்னவர்கள் வெறும் 36 பேர்.

இதே 11.5, இதே 6. ஆனால் 144 பேரை அளந்திருந்தால்? திட்டப்பிழை அரை நிமிடமாகக் குறையும், டி மதிப்பு 3 ஆகும், 10 நிமிடம் என்ற கருதுகோள் அங்கேயே விழுந்துவிடும். மருந்தகமோ கூட்டமோ மாறவில்லை. அளந்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. உண்மையான சராசரி 11.5 ஆகவே இருந்தாலும், 36 பேரை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிகூட இல்லை. 80 சதவீத வாய்ப்பாவது வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 பேர் தேவை. இந்தக் கணக்கை அளக்கத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம்.

சிறிய மாதிரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் என்பவர், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் இந்த டி சோதனை முறைக்கு வழி திறந்ததே சிறிய மாதிரிகளுக்காகத்தான். ஆனால் அந்த மாதிரியில் ஒவ்வோர் அளவும் மற்றதைச் சாராமல் இருக்க வேண்டும். இவர்கள் அளந்த 36 பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அடுத்தடுத்து நின்றவர்கள். முன்னால் நிற்பவரின் பில்லில் சிக்கல் வந்தால் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் சேர்ந்தே தாமதமாவார்கள். அப்போது 36 அளவுகள் 36 தனிச் சாட்சிகளாக நிற்காது. திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தையும் சேர்த்து, வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் பார்த்து எடுக்கச் சொன்னேன்.

சராசரியோடு நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். காத்திருப்பு நேரம் ஒரு பக்கம் நீண்ட வால் கொண்டது. பலர் ஐந்தாறு நிமிடத்தில் போய்விட, சிலர் அரைமணி நிற்பார்கள். இடைநிலையையும் (எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் மருந்து வாங்கினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதினால்தான் அந்த அரைமணிக்காரர்கள் கண்ணில் படுவார்கள்.

பிறகு, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேட்டேன். டோக்கன் அச்சான நொடியிலிருந்து என்றார்கள். டோக்கன் வாங்கவே ஒரு வரிசை இருந்தது. அந்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

கடைசியாக மூலத் தரவைக் கேட்டு வாங்கினேன். 36-க்கு வெளியே இன்னும் ஐந்து டோக்கன்கள் இருந்தன. கூப்பிட்டபோது ஆள் இல்லை என்பதால் "தரவு முழுமையில்லை" என்று நீக்கியிருந்தார்கள். காத்திருக்க முடியாமல் வெளியே மருந்து வாங்கப் போனவர்களாக இருக்கலாம். வாங்காமலே பஸ் ஏறியவர்களாகவும் இருக்கலாம். அடுத்த சுற்றில் அவர்களை நீக்காமல் தனிப் பத்தியில் எண்ணுகிறார்கள்.