க்ரோத் ஹேக்கிங்: கொந்தலா, சோதனையா?

'ஹேக்' என்றதும் நமக்குத் திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழைவதுதான் நினைவுக்கு வரும். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் வெட்டிக் கூறுபோடுவதைக் குறித்தது. நம் கணித்தமிழில் ஹேக்கரைக் 'கொந்தர்' என்பதும் (அணில் கொந்திய பழம் என்கிறோமே, அந்தக் கொந்து) வேருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 1955இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாதிரி ரயில் மன்றக் குறிப்பு ஒன்று, மின்னமைப்பில் 'ஹேக்' செய்பவர்கள் ஃபியூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறது. அங்கே அதன் பொருள், கைவைத்து நோண்டிப் பார்ப்பது.

அந்தப் பொருளில்தான் 2010இல், புதிய நிறுவனங்களுக்குப் பயனர்களைச் சேர்த்துக்கொடுத்துவந்த ஷான் எல்லிஸ் 'க்ரோத் ஹேக்கர்' என்ற சொல்லை உருவாக்கினார்: பயனர்களைப் பெருக்கும் வழியைச் சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிப்பவர். அவர் முன்பு வேலை பார்த்த, இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம், 99 டாலர் சேவைக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்தில் 233 முதல் 388 டாலர் வரை இறைத்துக்கொண்டிருந்தது. நண்பரை அழைத்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் என்ற ஏற்பாடும் சேர, 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சமானார்கள்.

சாமர்த்தியத்தைவிடக் கணக்குதான் இதில் முக்கியம். பதிவுப் பக்கத்துக்கு வரும் 100 பேரில் 5 பேர் கணக்குத் தொடங்குகிறார்கள். பொத்தானின் வாசகத்தை மாற்றினால் 6 பேராகுமா? வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குப் பழையதையும் மீதிப்பேருக்குப் புதியதையும் காட்ட வேண்டும். வழக்கமான 95% நம்பக அளவுக்கும் (வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாக ஏமாறும் வாய்ப்பு 5%) 80% கண்டறியும் திறனுக்கும் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) ஒரு பிரிவுக்குச் சுமார் 8,000 பேர் தேவை. தினமும் 400 பேர் வரும் நிறுவனம் 40 நாள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: தினமும் எட்டிப்பார்த்து, புதியது முந்திய நாளில் சோதனையை நிறுத்திவிடுவார்கள். அன்றைய ஏற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஏமாறும் வாய்ப்பு கூடுகிறது. ஆள் வரத்து குறைவென்றால் பொத்தானை விட்டுவிட்டு, விலை, இலவசக் காலம் போன்ற பெரிய மாற்றங்களைச் சோதிப்பதே மேல்.

பொருளே பிடிக்கவில்லையென்றால் எந்தச் சோதனையும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். 'இது இல்லாமல் போனால் மிகவும் ஏமாற்றமடைவேன்' என்று பயனர்களில் 40% பேராவது சொல்கிறார்களா என்று முதலில் கேட்கச் சொல்வார் எல்லிஸ்.

க்ரோத் ஹேக்கிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வெள்ளோட்டம்' அழகான சொல். ஆனால் அது ஒரே தேரை ஒருமுறை ஓட்டிப்பார்ப்பது. இங்கே ஓடுவது இரண்டு தேர். 'வளர்ச்சி உத்தி' என்றால் சோதனை விடுபட்டுப்போகிறது. 'சோதனைவழி வளர்ச்சி' பொருந்தும். செய்பவர் 'வளர்ச்சிச் சோதனையாளர்'. பாதிப்பேருக்குப் பழையது, மீதிப்பேருக்குப் புதியது என்று பார்க்கும் ஏ/பி டெஸ்ட் 'இருபிரிவுச் சோதனை'.