சப் ஏற்கெனவே வீட்ல இருக்கு, புக்‌ஷெல்ஃப் எது வாங்கறது?

பழைய ஹோம் தியேட்டர் செட்ல மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா மண்டையப் போட்டுட்டு சப்வூஃபர் (பேஸுக்குன்னே இருக்கற பெரிய பொட்டி, சுருக்கமா சப்) மட்டும் கல்லு மாதிரி நின்னுட்டு இருந்துச்சு, சரி இதுக்கு ஜோடியா அலமாரில வைக்கற அளவு சின்னதா ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கிப் போட்டா போதும்னு கடைக்குப் போனேன். ஒரு ஜோடி 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் எறங்கும்னு போட்டிருந்தான், இன்னொண்ணு 42 (ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை அதிர்வு, நம்பர் கொறையக் கொறைய பேஸ் ஆழம்). எறங்கினா நல்லதுதானேன்னு காசு கூடக் குடுத்து 42தான் தூக்கிட்டு வந்தேன். வீட்ல மாட்டி பாட்டு போட்டா ஒரே கொழகொழ, பேஸ் கிட்டார் என்ன நோட் வாசிக்குதுன்னே புரியல. ஸ்பீக்கர் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நான்தான் பார்க்கவேண்டாத நம்பரைப் பார்த்து வாங்கிட்டேன்.

ஏன்னு சொல்றேன். சத்தத்தோட அளவு மாறாம ஒரு ஸ்தாயி கீழ எறங்கணும்னா ஸ்பீக்கரோட கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடணும். 80 ஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிமீட்டர் ஆடுற கோன் 40க்கு வந்தா நாலு மில்லிமீட்டர், 20க்கு பதினாறு. அஞ்சு இஞ்ச் கோன் அதுக்கு எங்க போகும்? கேஎல்ஹெச்ங்கற ஸ்பீக்கர் கம்பெனி பேர்ல இருக்கற ஹெச், அதாவது ஹாஃப்மன், அவர் பேர்ல ஒரு இரும்பு விதின்னே சொல்வாங்க: சின்ன பொட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் வாட்ஸ்லயே நல்ல சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். சின்ன பொட்டியை 42க்கு எறக்கணும்னா கோனை கனமாக்குவாங்க, சத்தம் அடிவாங்கும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் குடுக்கவேண்டியது 85தான் குடுக்கும், அந்த மூணு டெசிபலை ஈடுகட்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ரெண்டு மடங்கு வாட்ஸ் தள்ளணும். சப் இல்லாதவனுக்கு அது நியாயமான பேரம். நம்ம வீட்லதான் அந்த வேலைக்குன்னே ஒருத்தன் மூலைல உக்காந்திருக்கானே!

சரி, அப்போ எங்க வரைக்கும் எறங்கினா போதும்? இதுக்கு 80 ஹெர்ட்ஸ்ங்கற நம்பரைப் புரிஞ்சுக்கணும், டிஹெச்எக்ஸ்காரங்க (சினிமா சத்தத்துக்குத் தரம் வகுக்கறவங்க) வீட்டு சிஸ்டத்துக்கு கிராஸ்ஓவர்னு, அதாவது சின்ன ஸ்பீக்கர் விட்டு சப் எடுத்துக்கற எல்லைன்னு வச்சது இதைத்தான். காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, அப்போ 80 ஹெர்ட்ஸோட ஒரு அலை கிட்டத்தட்ட 4.3 மீட்டர் நீளம். நம்ம ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல. அவ்ளோ நீளமான அலை ரெண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்து சேரும், அதனால சத்தம் எந்தப் பக்கம்னு மூளையால சொல்லமுடியாது. சப்பை சோஃபா பின்னாடி ஒளிச்சு வச்சாலும் பேஸ் முன்னாடி இருந்து வர்ற மாதிரி தோணறது இதனாலதான். ஆனா மூணு இஞ்ச் குட்டி ஸ்பீக்கரை வாங்கி கிராஸ்ஓவரை 150க்கு ஏத்தி வச்சீங்கன்னா ஆம்பளைக் குரலோட அடிப்பகுதி சப் வழியா வர ஆரம்பிச்சுடும், பாடகர் பாதி டிவி கிட்ட பாதி சோஃபா மூலைல நின்னு பாடுவாரு.

அப்புறம் ஒரு விஷயம், கிராஸ்ஓவர்ங்கறது சுவர் இல்ல, சரிவு. லிங்க்விட்ஸ், ரைலின்னு ரெண்டு இன்ஜினியர், 1976ல வந்த அவங்க முறையில 80ல புக்‌ஷெல்ஃபும் 6 டெசிபல் கொறைஞ்சிருக்கும் சப்பும் 6 கொறைஞ்சிருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல காதுக்கு வந்தா கூட்டிக் கழிச்சு சரியா முழுசா நிக்கும், அங்கேர்ந்து ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல்னு சரியும். அதனால 80ல புக்‌ஷெல்ஃப் தானாவே மூச்சு வாங்கிட்டு இருந்தா அந்த எடத்துல பள்ளம் விழும். 55லேர்ந்து 65க்குள்ள அதோட மைனஸ் 3 டெசிபல் புள்ளி (சத்தம் 3 டெசிபல் கொறைஞ்சுபோற எடம்) இருந்தா நிம்மதியா பேஸை சப்கிட்ட கைமாத்தலாம். பாக்ஸ்ல வெறும் ஹெர்ட்ஸ் மட்டும் போட்டு பக்கத்துல பிளஸ் ஆர் மைனஸ் 3 டெசிபல்னு எதுவும் இல்லன்னா அந்த நம்பரை நான் மதிக்கறதே இல்ல.

இதுல மூடின பொட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. போர்ட் ஓட்டை (பொட்டிக்குள்ள இருக்கற காத்து வந்து போற குழாய்) இல்லாத ஸ்பீக்கர் தானாவே ஸ்தாயிக்கு 12 டெசிபல்னு சரியும், நெறைய ஏவிஆர் (ஹோம் தியேட்டர் ரிசீவர்) புக்‌ஷெல்ஃபுக்குப் போடற வெட்டும் 12தான், ரெண்டும் சேர்ந்தா 24, அதனால மூடின பொட்டி 80லயே ஓய்ஞ்சாலும் சப்போட அச்சுல வார்த்த மாதிரி ஒக்காரும். போர்ட் வச்சது அப்படி இல்ல, போர்ட்டை எந்த ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணியிருக்காங்களோ அதுக்குக் கீழ ஸ்தாயிக்கு 24 டெசிபல்னு விழும், கோனுக்கு காத்தோட பிடிமானம் போயி சும்மா படபடன்னு ஆடும். போர்ட்டுல ஃபோமை அடைச்சா அதுவும் கிட்டத்தட்ட மூடின பொட்டிதான் (நான் அடைச்சது பழைய சாக்ஸ், அதைப் பத்தி கேக்காதீங்க).

என் கொழகொழக்கு வருவோம். என் ஸ்டீரியோ ஆம்ப்ல புக்‌ஷெல்ஃபுக்குப் போற பேஸை வெட்டற வசதியே கிடையாது. சப் 80க்குக் கீழ பாடுது, 42 வரைக்கும் எறங்கற புக்‌ஷெல்ஃபும் அதே எடத்துல பாடுது, ரெண்டும் ஒக்கார்ற எடத்துலேர்ந்து வேற வேற தூரம். தூர வித்தியாசம் 2.15 மீட்டர் வந்தா 80 ஹெர்ட்ஸ்ல அது பாதி அலை, ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அந்த நோட் காலி, கீழ இருக்கற வேற நோட் சேர்ந்துக்கிட்டு வீங்கும். அதனால ஸ்பீக்கர் பார்க்கறதுக்கு முன்னாடி ஆம்பைப் பாருங்க. ஏவிஆர்னா வெட்டும், கவலை இல்ல. வெறும் ஸ்டீரியோ ஆம்ப்னா சீக்கிரமே ஓய்ஞ்சுபோற சின்ன மூடின பொட்டிதான் புத்திசாலித்தனம், அது எங்க ஓயுதோ அங்க சப்போட குமிழை வச்சுடலாம்.

ரூமும் இதுல கை வைக்கும். 12 அடிச் செவுத்துக்கு நடுவுல 47 ஹெர்ட்ஸ் கிட்ட அலை மாட்டிக்கிட்டு எதிரொலிக்கும், 10 அடிக்கு 56 கிட்ட. வெளிநாட்டு ஜிப்சம் போர்டு செவுரு லேசா ஆடி பேஸைக் கொஞ்சம் தின்னுடும், நம்ம செங்கலும் கான்க்ரீட்டும் வாங்கினதை வட்டியோட திருப்பிக் குடுக்கும். புக்‌ஷெல்ஃபை டிவிக்கு ரெண்டு பக்கமும்தான் வைக்கமுடியும், அந்த எடம் பேஸுக்கு நல்லதாங்கறது அதிர்ஷ்டம். சப்பை நகத்தலாம். நீங்க ஒக்கார்ற எடத்துல சப்பை வச்சு பேஸ் பாட்டு ஒண்ணு போட்டுட்டு செவுத்தோரமா தவழ்ந்து போங்க, எங்க நோட்டெல்லாம் சமமா கேக்குதோ அங்க சப்பை வச்சுடுங்க. தவழும்போது வீட்ல யாரும் இல்லாம பாத்துக்கறது நல்லது.

சத்தம் பத்தாதோன்னு பயப்படறவங்களுக்கு: 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் குடுத்தா ஒரு மீட்டர்ல 102, மூணு மீட்டர் தள்ளி 92 கிட்ட, அதுக்கு மேல ரூம் வேற சேத்துக் குடுக்கும். சின்ன ரூமுக்கு இது தாராளம். ஹால் பெருசு, சப் 12 இஞ்ச், சண்டைப்படம் பார்ப்பேன்னா மட்டும் நாலு இஞ்ச் வேண்டாம், சப் இன்னும் சூடே ஆகியிருக்காது, இது கதற ஆரம்பிச்சுடும்.

சப் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனிலதான் புக்‌ஷெல்ஃப் வாங்கணும்னு கடைக்காரர் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க. 80க்குக் கீழ கம்பெனியோட குணம்னு கேக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாம் மேலதான் இருக்கு, ட்வீட்டருக்கும் (மேல் சத்தம் குடுக்கற குட்டி) வூஃபருக்கும் (கீழ் சத்தம் குடுக்கற கோன்) இடையில ஒட்டு தெரியாம இருக்கா, கொஞ்சம் ஓரமா ஒக்காந்தா குரல் மங்குதான்னு கேட்டுப் பாத்து அங்க காசைப் போடுங்க.

நான் கடைசில ஆம்பை மாத்தினேன். அதே 42 ஸ்பீக்கரை 80ல வெட்டிட்டு, 80 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓடவிட்டு சப் பின்னாடி இருக்கற ஃபேஸ் சுவிட்சை (கோன் தள்ளறதையும் இழுக்கறதையும் தலைகீழாக்கறது) 0க்கும் 180க்கும் மாத்தி மாத்திப் பாத்தேன், 180ல சத்தம் கூடிச்சு, அப்படியே விட்டுட்டேன். இத்தனை நாளா அது 0லயே இருந்திருக்கு.