சுவரை இடிப்பதற்கு முந்தைய நாள் படத்தை அனுப்புங்கள்

மாடிப் படுக்கையறையின் கதவு சில வாரங்களாகச் சரியாகச் சாத்த வரவில்லை, தச்சரை அழைத்து இரண்டு முறை இழைத்தும் மீண்டும் நிலையில் இடிக்கிறது, ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று ஓர் இளம் தம்பதியர் கட்டமைப்புப் பொறியாளரான என்னிடம் சென்ற மாதம் கேட்டிருந்தார்கள். அது அவர்கள் வாங்கிய முதல் வீடு. பழைய வீட்டை வாங்கி, தங்கள் விருப்பப்படி அறை அறையாகப் புதுப்பித்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று உறவினருக்கும் நண்பர்களுக்கும் படம் அனுப்பி வந்தார்கள். அந்தப் படங்களை எனக்கும் வரிசையாகக் காட்டினார்கள். ஆறாவது படத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. ஏழாவது படத்தில் அந்தச் சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் வெளிச்சம் நிறைந்த பெரிய கூடம் இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையில் ஒரு முட்டுக்கட்டையோ, ஓர் இரும்பு உத்தரமோ, சென்ட்ரிங் பலகையோ எதுவும் தென்படவில்லை.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இடிக்கப்பட்ட சுவரின் நேர் மேலே, அதே கோட்டில், மாடிச் சுவர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில்தான் அந்தக் கதவு இருந்தது. நிலையின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பி, அதன் மேல் புதிதாகப் பட்டி பார்த்து வண்ணமும் அடிக்கப்பட்டிருந்தது. நீர்மட்டக் குழாயை வைத்து அளந்தபோது கூடத்தின் மேல்தளம் நடுவில் 18 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது வீடு இது. நான்கு வீடுகளிலும் மனிதர்கள் வேறு, வீட்டின் வயது வேறு, சுவர் வேறு, ஆனால் நான்கு வீடுகளிலும் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்றுதான்: "சுவரை எடுத்து இத்தனை மாதம் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லையே." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன். சுமை தாங்கும் சுவர் என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. அது பெயரிலேயே இருக்கிறது. அதை எடுத்த பிறகும் வீடு ஏன் நிற்கிறது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

செங்கல் சுவரில் கீழே ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மேலே இருப்பது முழுவதும் அப்படியே விழுந்துவிடுவதில்லை. செங்கல் வரிசைகள் ஒன்றையொன்று கவ்வி அடுக்கப்பட்டிருப்பதால், திறப்புக்கு மேலே உள்ள செங்கற்கள் தாமாகவே ஒரு வளைவு போல வேலை செய்து, சுமையை இரண்டு பக்கங்களுக்கும் தள்ளிவிடுகின்றன. திறப்புக்கு உடனடி மேலே முக்கோண வடிவில் உள்ள கொஞ்சம் கட்டுமானம் மட்டுமே ஆதாரமின்றித் தொங்குகிறது. அதையும் கலவை சில காலம் பிடித்துக்கொள்கிறது. இடித்த அன்று மாலை மேலே உள்ள சுவர் நிற்பதைப் பார்த்து, "இடித்த சுவர் எதையும் தாங்கவில்லை" என்று முடிவுகட்டுகிறார்கள். உண்மையில் அது தாங்கிக்கொண்டிருந்ததை இப்போது வேறு யாரோ தாங்குகிறார்கள். அந்த வளைவு நிற்க வேண்டுமானால் இருபுறமும் அதை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குக் கனமான சுவர் வேண்டும். அடுத்த மாதம் பக்கத்துச் சன்னலை அகலப்படுத்தும்போது அந்தப் பிடிப்பும் போய்விடும். அப்போது விழுவதற்குச் சன்னல்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

கான்கிரீட் தளத்தின் கதை இன்னும் மோசமானது. மூன்று மீட்டருக்கு ஒரு சுவர் என்று தாங்கப்பட்டிருந்த தளம், நடுச்சுவர் போன பிறகு ஆறு மீட்டரைத் தாண்டி நிற்க வேண்டியிருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் தளத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகிறது. தொய்வோ, மற்றவை மாறாதிருந்தால், பதினாறு மடங்காகிறது. இது ஒரு பக்கம். நடுச்சுவரின் மேலே தொடர்ந்து செல்லும் தளத்தில், அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் முக்கியக் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில் இடப்பட்டிருக்கும், ஏனெனில் அங்கே இழுபடுவது மேற்பகுதிதான். சுவரை எடுத்தவுடன் அதே இடத்தில் இழுபடுவது அடிப்பகுதியாக மாறுகிறது. அங்கே போதுமான கம்பி இல்லை. யாரும் போடவில்லை, போட வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. இருந்தும் தளம் நிற்கிறது, ஏனெனில் வடிவமைப்பில் பாதுகாப்புக்கென்று ஒரு சேமிப்பு வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இப்போது அந்தச் சேமிப்பில் குடியிருக்கிறீர்கள். ஒரு விழாவுக்கு வரும் கூட்டத்துக்காகவும், என்றோ வரக்கூடிய நிலநடுக்கத்துக்காகவும் வைத்திருந்தது அது.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. தொடர்ந்து சுமை ஏற்றப்பட்ட கான்கிரீட் மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், ஆண்டுக்கணக்கில் தொய்ந்துகொண்டே போகும். முதல் நாள் ஏற்படும் தொய்வைப் போல இரண்டு மடங்கு வரை, ஐந்தாண்டுகளிலோ அதற்குப் பிறகோ, கூடுதலாக ஏற்படும் என்று எடுத்துக்கொண்டு வடிவமைப்பது எங்கள் வழக்கம். பழைய கான்கிரீட்டில் இது குறைவு என்பது உண்மை, இல்லாமல் போய்விடுவதில்லை. ஆகவே ஆறு மாதம் நின்றது என்பது ஏழாவது மாதத்துக்கு எந்த உறுதியையும் தராது.

சியோல் நகரில் இருந்த சம்பூங் பல்பொருள் அங்காடியை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. நகரும் படிக்கட்டுகளுக்கு இடம் விடுவதற்காகத் தூண்கள் குறைக்கப்பட்டு, மேல்தளம் உணவகங்களுக்காக மாற்றப்பட்டு, கூரையின் மேல் கனமான குளிரூட்டும் இயந்திரங்கள் வைக்கப்பட்டு, பின்னர் இழுத்து நகர்த்தவும் பட்ட கட்டடம் அது. 1990-இல் திறக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் "ஒன்றும் ஆகாமல்" நின்றது. 1995 ஜூன் 29 அன்று இடிந்து விழுந்தபோது 502 பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே மேல்தளத்தில் விரிசல்கள் தெரிந்திருந்தும் மக்களை வெளியேற்றவில்லை. ஒரு வீட்டையும் ஓர் அங்காடியையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அளவு வேறாக இருந்தாலும் "இதுவரை நின்றதே" என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றுதான் என்பதே.

அடுத்தது, சுவரைத் தட்டிப் பார்த்து, பொந்துச் சத்தம் வந்தால் அது சுமை தாங்காத சுவர் என்று முடிவு செய்வது. பூச்சு விட்டுப்போன சுவரும் பொந்துச் சத்தம் தரும், உள்ளே குழாய் ஓடும் சுவரும் தரும். சத்தம் எதையும் நிரூபிப்பதில்லை. கனத்தை வைத்து முடிவு செய்வதும் அப்படித்தான். 230 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலச் சுவர் தாங்கும், 115 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலச் சுவர் தாங்காது என்று பல கொத்தனார்கள் சொல்வது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் நான் மேலே சொன்ன வீட்டில் எடுக்கப்பட்ட சுவர் நாலரை அங்குலம்தான். அதன் மேல் தளமும் உட்கார்ந்திருந்தது, தளத்தின் மேல் மாடிச் சுவரும் உட்கார்ந்திருந்தது. தூண்களும் உத்தரங்களும் உள்ள வீடு என்றால் எந்தச் சுவரையும் எடுக்கலாம் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. அந்தச் சுவர்கள் மேல்சுமையைத் தாங்காவிட்டாலும், பக்கவாட்டு அசைவுக்குக் கட்டடத்தை விறைப்பாக வைத்திருக்கின்றன. கீழ்த்தளத்தில் மட்டும் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டால், நிலநடுக்கத்தில் அந்தத் தளமே முதலில் சாயும்.

சுவரை எடுக்காமலேயே வீட்டைப் பலவீனப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மின்கம்பிக் குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டும்போது, செங்குத்தாகச் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும் கிடைமட்டத்தில் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது என்பது கட்டுமானத்தில் நெடுநாள் விதி. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டர். பூச்சு அந்தக் கணக்கில் சேராது. ஒரே இடத்தில் சுவரின் இரண்டு பக்கமும் வெட்டவே கூடாது. தூணையும் உத்தரத்தையும் வெட்டுவது பற்றி நான் எந்த அளவும் சொல்லப்போவதில்லை, ஏனெனில் அங்கே அனுமதிக்கப்பட்ட ஆழம் என்று ஒன்று இல்லை. குளிரூட்டியின் குழாய் வெளியே போக வழியில்லை என்று உத்தரத்தைத் துளைத்து, குறுக்கே வந்த கம்பியையும் அறுத்துவிட்டு, அதையும் பெருமையுடன் படமெடுத்து அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். குழாய் சுற்றிப் போகட்டும்.

பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய டைல்ஸ் பதிப்பதையும் சொல்லியாக வேண்டும். 40 மில்லிமீட்டர் கலவையும் 10 மில்லிமீட்டர் டைல்ஸும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. ஆட்களுக்கும் பொருள்களுக்குமாக வீட்டுத் தளங்கள் பல நாடுகளில் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன; அதில் பாதியைத் தரையே தின்றுவிடுகிறது. 12 சதுர மீட்டர் அறையில் இது 1,200 கிலோ. தரைத்தளத்தில் கவலையில்லை, மாடியில் பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி, பகிர்வதைப் பற்றி. முதல் வீட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் படமெடுத்துப் பிறருக்குக் காட்டுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. நான் கேட்பது படங்களின் வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். இடித்த பிறகு அனுப்பும் படத்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. இடிப்பதற்கு முந்தைய நாள், சுவரின் இரண்டு முகங்களையும், அதற்கு நேர் மேலே மாடியில் உள்ளதையும், நேர் கீழே உள்ளதையும், தளம் சுவரோடு சேரும் இடத்தையும் எடுத்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் காட்டுங்கள். படத்தை மட்டும் பார்த்து "இடிக்கலாம்" என்று எந்தப் பொறுப்புள்ள பொறியாளரும் சொல்லமாட்டார், சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஆனால் "நிறுத்துங்கள், நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் படமே போதும்.

மறையப்போவதைப் படமெடுங்கள். பூச்சுக்கு முன் மின்கம்பிக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் எந்த வழியில் போகின்றன என்று, அளவு நாடாவைச் சுவரின் மூலையிலிருந்து பிடித்து எடுத்த ஒரு படம், பத்து ஆண்டுகள் கழித்து ஆணி அடிக்கும்போது உங்களைக் காப்பாற்றும். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கட்டிய கம்பிகளைப் படமெடுங்கள். கொட்டிய பிறகு அவற்றை யாரும் பார்க்க முடியாது. குளியலறையில் நீர்க்காப்புப் பூசியதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீரை ஒரு நாளாவது தேக்கிவைத்து, கீழே உள்ள அறையின் மேல்தளத்தில் கசிவு தெரிகிறதா என்று படமெடுங்கள்.

விரிசலையும் பகிருங்கள், அதை ஒளிக்காதீர்கள். பட்டி வைத்து மூடுவதற்கு முன் அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதி எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். பூச்சில் மயிரிழையாக ஓடும் வலைப்பின்னலைப் பற்றி அஞ்ச வேண்டாம். அது காய்ந்ததால் வருவது. சாய்வாகவோ படிக்கட்டு போலவோ போவது, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகுவது, பென்சில் கோட்டைத் தாண்டி வளர்வது ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும்.

படத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த விசாலமான கூடத்தைப் பார்த்து இன்னொரு தம்பதியர் தங்கள் வீட்டுச் சுவரையும் எடுக்கப்போகிறார்கள். என்னை அழைத்த நான்கு வீட்டாரில் இரண்டு வீட்டார் அப்படிப் பார்த்துச் செய்தவர்கள்தான். வாழ்த்தோடு சேர்த்து, "மேலே இருப்பதை இப்போது எது தாங்குகிறது?" என்று ஒரு கேள்வியையும் கேளுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் பதற வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். மேலே உள்ள அறையிலிருந்து கனமான பொருள்களை அகற்றுங்கள், அங்கே படுக்காதீர்கள். ஜாக்கி வைத்துத் தளத்தைப் பழைய மட்டத்துக்குத் தூக்க முயலாதீர்கள். தொய்ந்த தளத்தை வேகமாகத் தூக்கினால் புதிய இடத்தில் உடையும். முட்டுக் கொடுப்பதையும் தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யுங்கள், ஏனெனில் முட்டு எவ்வளவு முக்கியமோ அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

அந்தத் தம்பதியரின் வீட்டில் முதலில் முட்டுகள் நிறுத்தினோம். பின்னர் இரண்டு முனைகளிலும் சுமையைப் பரப்பும் கான்கிரீட் திண்டுகள் அமைத்து, அவை இறுகிய பிறகு இரும்பு உத்தரத்தை ஏற்றி, உத்தரத்துக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கெட்டிக் கலவையை இறுகத் திணித்தோம். முட்டு நிறுத்திய அன்று மாடியில் பட்டியைச் சுரண்டி, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் தேதி எழுதினேன். இன்றுவரை அது அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இன்னும் சில வாரங்கள் வண்ணம் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் உறவினர்களுக்கு அவர்கள் அனுப்பிய படம், வண்ணம் சுரண்டப்பட்ட அந்தச் சுவரும், அதில் எழுதப்பட்ட தேதியும்தான்.