மணிக்கட்டில் தெரிவது யாருடைய காற்று?

கல்குடாவில் சுழியோடிகளின் ரெகுலேற்றர்களை, அதாவது சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவிகளைப் பழுதுபார்ப்பதும், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை படகில் ஆட்களைக் கூட்டிச் செல்வதும் என் தொழில். வாடைக் காற்று எழுந்து கடல் கலங்கிவிட்டால் மேசை வேலை மட்டும்தான். அண்மைக் காலமாக அந்த மேசைக்கு அடிக்கடி வரும் பொருள், ரெகுலேற்றரில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவு ட்ரான்ஸ்மிற்றர். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதை வயர் இல்லாமல், சுழியோடி மணிக்கட்டில் கட்டும் கைக்கணினிக்கு அனுப்பும் கருவி அது. "அண்ணே, இது பழுதாகிவிட்டது" என்று கொண்டு வருவார்கள். பத்தில் ஏழெட்டுக்கு ஒரு பழுதும் இருப்பதில்லை. என் பயமெல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டே பிழையான எண்ணைக் காட்டும் கருவியைப் பற்றித்தான்.

போன பருவத்தில் இரண்டு மச்சான்மாரை பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்குக் கூட்டிச் சென்றேன். 1942இல் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் அது. 24 மீற்றர் ஆழத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இருவரிடமும் ஒரே வகைக் கணினி, ஒரே வகை ட்ரான்ஸ்மிற்றர். படகில் இருவரும் சிலிண்டரைத் திறந்தார்கள், இரண்டு கையிலும் 200 பார் (காற்றழுத்த அளவு) தெரிந்தது, குதித்தோம். பெரியவர் மூச்சு வாங்கும் ஆள். கொஞ்ச நேரத்தில் அவருடைய கணினி 110 என்றது. சைகையால் "எல்லாம் சரி" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் இடுப்பில் தொங்கிய முள் அழுத்தமானியை இழுத்துப் பார்த்தேன். முள் 60இல் நின்றது.

கருவி பொய் சொல்லவில்லை. முதல் நாள் மாலை கழுவிக் காயவைத்தபோது ரெகுலேற்றர்கள் இரண்டும் கை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு ட்ரான்ஸ்மிற்றருக்கும் தனி அடையாள எண் உண்டு. கணினி தனக்குப் பழக்கிய எண்ணை மட்டுமே கேட்கும். பெரியவரின் கணினி பழகிய ட்ரான்ஸ்மிற்றர் மச்சான் முதுகில் இருந்தது. இருவரும் அருகருகே நீந்தியதால் சமிக்ஞையும் அறுபடவில்லை. அவர் மச்சானுடைய காற்றை வாசித்துக்கொண்டு தன் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஒருவர் தன் சிலிண்டரைத் திறக்கட்டும், மற்றவர் மூடியே வைத்திருக்கட்டும். யார் கையில் எண் வருகிறது என்று பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றையும் படகிலேயே பார்க்க வேண்டும். ட்ரான்ஸ்மிற்றர் சிலிண்டரை அளப்பதில்லை. ரெகுலேற்றரின் முதல் படிக்குள், அதாவது சிலிண்டர் வால்வில் பூட்டும் பகுதிக்குள் நிற்கும் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. வால்வைத் திறந்து மறுபடி மூடினாலும் உள்ளே அடைபட்ட காற்று 200 என்றே காட்டும். வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால் முள் அழுத்தமானி ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே ஆடி எழும். கண் உடனே பிடித்துவிடும். ட்ரான்ஸ்மிற்றரோ சில வினாடிக்கு ஒருமுறைதான் பேசுகிறது. அந்த இடைவெளியில் ஆட்டம் மறைந்துபோகும். ஆகவே இரண்டு மூச்சோடு விடாதீர்கள். எண்ணைப் பார்த்தபடியே ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு இழுங்கள்.

"குதித்தவுடன் எட்டு பார் போய்விட்டது, கசிகிறது" என்று வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் கிடந்த சிலிண்டர் 40 பாகைக்குச் சூடேறியிருக்கும். நம் கடல் 28 பாகை. குளிர்ந்ததும் 200 என்பது 192 ஆவது இயற்கை. அதற்கு மேலும் விழுந்து, ரெகுலேற்றர் பக்கம் குமிழி வந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.

எண் மறைந்து கோடுகள் வருவதுதான் பொதுவான முறைப்பாடு. கைபேசி பயன்படுத்தும் ரேடியோ அலையை உப்புநீர் சில அங்குலத்திலேயே விழுங்கிவிடும். அதனால் இந்தக் கருவிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் பேசுகின்றன. பலவற்றில் அது 38 கிலோஹேர்ட்ஸ் அளவில். அதுவும் ஒன்று, ஒன்றரை மீற்றருக்கு மேல் எட்டாது. ட்ரான்ஸ்மிற்றர் வலப்பக்கம் இருக்க, இடக்கையை நீட்டி நீந்தினால் தொடர்பு அறுபடலாம். கையை நெஞ்சருகே கொண்டுவந்து சற்றுப் பொறுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். தண்ணீருக்கடியில் படமெடுப்பவர்களின் ஃப்ளாஷ் மின்னும் போதும், மோட்டார் இழுவைக் கருவி அருகில் ஓடும் போதும் எண் தடுமாறும். அவர்கள் விலகியதும் சரியாகிவிடும். சில கணினிகள் தொடர்பு அறுந்த பிறகும் சிறிது நேரம் பழைய எண்ணையே வைத்திருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பற்றரி விடயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பல வகைகளில் போடுவது 3 வோல்ட் சீஆர்2 லித்தியம் பற்றரி. அதே அளவில் மறுபடி சார்ஜ் செய்யும் பற்றரியும் கடையில் கிடைக்கிறது. அதன் வோல்ட் வேறு, கையேடு அனுமதித்தால் அல்லாமல் போட வேண்டாம். மூடியைத் திறக்கும் போதெல்லாம் றப்பர் வளையத்தை விரல் நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு மணல் பருக்கை, ஒரு தலைமயிர் போதும். சென்ற மாதம் நான் திறந்த ஒன்றுக்குள் பச்சைப் பாசி போலச் செம்புக் களிம்பு பூத்து, சுருள் கம்பி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வளையத்தின் குறுக்கே கிடந்தது ஒரு நூல். துவாயில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். சிலிக்கன் கிறீஸ் வளையம் மினுங்கும் அளவுக்கு இருந்தால் போதும். அப்பம் சுடும் சட்டிக்கு எண்ணெய் பூசுவது போல அள்ளிப் பூசுகிறார்கள். அது மணலைத்தான் பிடித்து வைக்கும்.

சிலிண்டரைத் தூக்க ட்ரான்ஸ்மிற்றரைப் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது கைப்பிடி அல்ல. திருகு மரை வளைந்தால் ட்ரான்ஸ்மிற்றரோடு முதல் படியும் போகும். தண்ணீருக்கடியில் முறிந்தாலும் உயர் அழுத்தத் துவாரம் ஊசிமுனை அளவுதான் என்பதால், சத்தம் பயமுறுத்துமே தவிர சிலிண்டர் ஒரே மூச்சில் காலியாகாது. மேலே வர நேரம் இருக்கும். கழற்றுவதானால் வால்வை மூடி, வாயில் வைக்கும் பகுதியிலுள்ள ஊதும் பொத்தானை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகே திருகுங்கள்.

இந்தப் பருவத்தில் ஒரு தம்பி புதிய ட்ரான்ஸ்மிற்றரோடு வந்து, முள் அழுத்தமானியைக் கழற்றித் தரச் சொன்னார். குழாய் தொங்குவது அழகாக இல்லையாம். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஹெர்மிஸ் என்றார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிக்கான எல்லையே 40 மீற்றர். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 லீற்றர் சிலிண்டர், 200 பார், ஆக 2400 லீற்றர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுபவருக்கு அங்கே அழுத்தம் ஆறு மடங்கு என்பதால் 120 லீற்றர் வேண்டும். இருபது நிமிடத்தில் காலி, மேலே ஏற ஒரு மூச்சும் மிச்சமில்லாமல். அந்த ஆழத்தில் கையில் கோடுகள் வந்தால் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ட்ரான்ஸ்மிற்றரைப் பூட்டிக் கொடுத்தேன். முள் அழுத்தமானியைக் கழற்றவில்லை. குழாய் தொங்காதபடி அங்கியோடு ஒரு கொளுவி மாட்டிவிட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை.