நடுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர் திடீரென்று சூதாட ஆரம்பித்தால்

பார்க்கின்சன் நோய்க்கு என்னிடம் வருபவர் அவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அன்று அவரை பி.பி. பார்க்க நர்ஸ் அழைத்துப் போனதும், அவர் மனைவி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நடையெல்லாம் நல்லாயிருக்கு டாக்டர். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுது. ரம்மி ஆடறாரு. மோதிரத்தை அடகு வெச்சிட்டாரு. ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்காத மனுஷன்."

பழைய மருந்துச் சீட்டைப் புரட்டினேன். ஏழு மாதத்துக்கு முன் பிரமிபெக்சோல் மாத்திரையை எழுதியது நான்தான். தூக்கம் வரும், கால் வீங்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இதைச் சொல்லவில்லை. அது என் தவறு.

பார்க்கின்சனில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளை செல்கள் அழிகின்றன. கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது, நடை தடுமாறுகிறது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் இதே செல்கள் அசைவோடு எப்படி இணைந்திருக்கின்றன என்று பார்க்கப்போனார். அவையோ பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது துடித்தன. வரவேண்டிய சாறு வராதபோது அடங்கிப்போயின. லாபமா நஷ்டமா என்று மூளை கணக்குப் போடுவதும் டோபமைனை வைத்துத்தான். 2004-இல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் பார்க்கின்சன் நோயாளிகளிடமே இதைச் சோதித்தார்கள். மருந்து எடுத்திருந்தபோது வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள்; எடுக்காதபோது தோல்வியிலிருந்து.

நோயின் ஆரம்ப வருடங்களில் அசைவுக்கான பகுதிதான் அதிகம் வறண்டிருக்கும். ஆசையை எடைபோடும் பகுதி ஓரளவு தப்பியிருக்கும். டோபமைனைப் போல வேலை செய்யும் இந்த மாத்திரை இரண்டுக்கும் சேர்த்தே போகிறது. காய்ந்த வயலுக்கு மடை திறந்தால், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பக்கத்து வயல் மூழ்கிவிடுகிறது அல்லவா, அப்படி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கட்டுப்பாடு இழந்த பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். சூதாட்டம், தேவையில்லாததை வாங்கிக் குவிப்பது, நள்ளிரவில் பிரிட்ஜைத் திறந்து தின்பது, மிதமிஞ்சிய காம இச்சை. கடைசியதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்று மனதுக்குள் புழுங்குகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளியின் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாக வந்து சொல்லுங்கள்.

ஆனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் கடும் பதற்றம், சோர்வு வரும். சிலருக்கு உடல் விறைத்துக் கடும் காய்ச்சலே வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபா என்ற மற்றொரு பார்க்கின்சன் மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

அவருக்கும் அப்படித்தான் குறைத்தோம். மூன்றாவது மாதம், போனை மகனிடம் நீட்டி, ஆப்பை எடுத்துவிடச் சொன்னாராம். நடை முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. மோதிரம் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.